உள்நாட்டு நீர்வழியிலிருந்து கடலுக்கு: மோட்டார் குரூசர் பயணத்தைத் திட்டமிடும் முழுமையான வழிகாட்டி

ஆற்றிலும் கால்வாயிலும் மோட்டார் குரூசர், அதாவது தங்கும் அறை கொண்ட இயந்திரப் படகு, ஓட்டிப் பழகியவர்கள் முதன்முறையாகக் கடலுக்குப் போகத் தீர்மானிக்கும்போது, அவர்களுடைய கவலை முழுவதும் திறந்த கடலைப் பற்றியதாகவே இருக்கிறது. நல்ல வானிலையில், கரையிலிருந்து சில மைல் தள்ளி, போதுமான ஆழத்தில் ஓடுவது உண்மையில் அவ்வளவு கடினமான வேலை இல்லை. கடைசி லாக்குக்கும், அதாவது ஆற்றையும் ஓத நீரையும் (ஓதம் என்பது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது) பிரிக்கும் கடைசி நீர்ப்பூட்டுக்கும், ஆற்று முகத்துவாரத்தின் மணல்திட்டுக்கும் இடையே கிடக்கும் கழிமுகம்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. ஆற்றின் ஓட்டமும் கடலின் ஓதமும் அங்கே மோதிக்கொள்கின்றன. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய கப்பல்கள் குறுகிய வழியில் வந்துபோகின்றன. திரும்பிப் போக நினைத்தாலும் லாக் மூடியிருக்கக்கூடும். ஆகையால் இந்தப் பயணத்திட்டத்தைப் புறப்படும் துறையிலிருந்து எழுதத் தொடங்காமல், முகத்துவாரத்தைக் கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதவேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் பயணத்திட்டத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது: தகவல்களைத் திரட்டி மதிப்பிடுதல், திட்டத்தை எழுதுதல், அதன்படி செல்லுதல், செல்லும்போது தொடர்ந்து சரிபார்த்தல். பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதென்றாலும் இந்த வரிசை பத்து மீட்டர் படகுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதல் படி: படகு கடலுக்கு ஏற்றதா என்று பார்த்தல்

ஐரோப்பியத் தரநிலையின்படி கட்டப்பட்ட படகுகளில் வடிவமைப்பு வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, படகின் தகவல் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். டி வகைப் படகு, காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 4 வரையிலான காற்றுக்கும் 0.3 மீட்டர் வரையிலான அலைக்கும், எப்போதாவது எழும் அரை மீட்டர் அலைக்கும் மட்டுமே உரியது. சி வகை 6 வரையிலான காற்றுக்கும் 2 மீட்டர் அலைக்கும், பி வகை 8 வரையிலான காற்றுக்கும் 4 மீட்டர் அலைக்கும் வடிவமைக்கப்பட்டவை. உங்கள் படகு டி வகையாக இருந்தால் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். சி வகையாக இருந்தாலும் அந்த எண்கள் படகு தாங்கக்கூடிய எல்லையைத்தான் சொல்கின்றன. அதில் இருப்பவர்கள் வசதியாக இருக்கக்கூடிய எல்லை அதற்கு வெகு கீழே இருக்கிறது.

அடுத்து, அலைநீர் உள்ளே புகக்கூடிய ஒவ்வொரு வழியையும் தேடுங்கள். ஆற்றில் ஒருபோதும் நனையாத காற்றுத் துவாரங்கள், தாழ்வான பின்கதவு, முன்பக்கத்துப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள், தளத்தில் உள்ள மூடிகள் ஆகியவை கடலில் முழு நீரின் அடியைத் தாங்கவேண்டியிருக்கும். தளநீரை இறைக்கும் பம்பு தானாக இயங்குகிறதா என்பதை அதன் மிதவையைக் கையால் தூக்கிச் சோதியுங்கள். அறைக்குள் இருக்கும் பாட்டில், பெட்டி, கருவிப்பை, கேஸ் சிலிண்டர், பேட்டரி என எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். பேட்டரி பெயர்ந்தால் இயந்திரமும் வானொலியும் ஒரே நேரத்தில் போய்விடும்.

இனி டீசல் தொட்டி. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆற்றுப் படகுகள் கடலில் செயலிழந்து நிற்பதற்கு மிக வழக்கமான காரணம் இதுதான். அசையாத நீரில் ஆண்டுக்கணக்கில் ஓடிய படகின் தொட்டியில், காற்றிலிருந்து படிந்த நீர் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய கசடாகப் படிகின்றன. படகு ஆடாத வரை அந்தக் கசடு அடியிலேயே கிடக்கும். முகத்துவாரத்தின் முதல் அலைகள் தொட்டியைக் குலுக்கியதும் அது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். இயந்திரம் தேவைப்படும் அதே இடத்தில் இயந்திரம் நின்றுபோகும். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த டீசலும், கீழே நிறமற்ற நீரும், இரண்டுக்கும் நடுவே பாசிபோன்ற கரிய படலமும் தெரிந்தால் தொட்டியைத் திறந்து கழுவியே ஆகவேண்டும். மருந்து ஊற்றினால் மட்டும் போதாது, ஏனெனில் செத்த கசடும் வடிகட்டியை அடைக்கும். தொட்டி சுத்தமாக இருந்தாலும் கூடுதல் வடிகட்டிகளை எடுத்துச் செல்லுங்கள். அவற்றை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, இயந்திரத்தை மீண்டும் இயக்குவதைத் துறையில் கட்டியிருக்கும்போதே செய்து பழகுங்கள்.

இயந்திரத்தைக் குளிர்விக்கும் குளிர்நீர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைப் புதிதாக மாற்றி, பழையதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளாமல், கூடுதலாகவும் ஒரு புதியதை வாங்குங்கள். நன்னீரில் அரிப்பைத் தடுக்க மாட்டப்படும் மக்னீசியக் கட்டிகள் உப்புநீரில் மிக விரைவாகக் கரைந்துபோகும்; கடலுக்குத் துத்தநாகமோ அலுமினியமோ வேண்டும். ஆறும் கழிமுகமும் கடலுமாக மாறிமாறி ஓடும் படகுக்கு அலுமினியமே பொருத்தமானது.

நங்கூரத்தையும் இப்போதே எடைபோடுங்கள். ஆற்றில் கரையோரக் கட்டைகளில் கட்டியே பழகிய படகுகளில் பெயருக்கு ஒரு சிறிய நங்கூரமும் பத்து மீட்டர் கயிறும்தான் இருக்கும். கடலில் இயந்திரம் நின்றால் உங்களிடம் உள்ள ஒரே பிடிமானம் நங்கூரம். உச்ச நீரில் இருக்கப்போகும் ஆழத்தோடு முன்பக்கத் தளத்தின் உயரத்தைக் கூட்டி, முழுவதும் சங்கிலியானால் அதன் நான்கு மடங்கும், பெரும்பகுதி கயிறானால் ஆறேழு மடங்கும் விடவேண்டும்.

இரண்டாம் படி: ஆவணங்கள், வரைபடங்கள், வானொலி

உள்நாட்டு நீர்வழி வரைபடத்தில் ஆழமும் பாலத்தின் உயரமும் ஏறக்குறைய நிலையான எண்கள். கடல் வரைபடத்தில் அப்படியில்லை. அங்கே ஆழம், நீர் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டிய ஓர் அடிப்படை மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. பாலத்தின் உயரமோ உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. எந்த மட்டம் என்பது வரைபடத்துக்கு வரைபடம் மாறுபடுவதால் தலைப்புக் குறிப்பைப் படித்துவிட்டே எண்களைப் பயன்படுத்துங்கள். வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண் தென்பட்டால், அந்த இடம் நீர் வற்றும்போது அத்தனை மீட்டர் உயரத்துக்கு வெளியே தெரியும் மணல் அல்லது பாறை என்று பொருள்.

மிதவைகளின் நிறத்தை மீண்டும் கற்றுக்கொள்ளவேண்டும். உலகம் ஏ, பி என இரு மிதவை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏ மண்டலத்தில் கடலிலிருந்து துறைக்குள் வரும் படகுக்குச் சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை அடங்கிய பி மண்டலத்தில் சிவப்பு வலப்பக்கம். நீங்களோ வெளியே போகிறீர்கள், ஆகவே உங்களுக்கு இரண்டும் தலைகீழாகும். பக்கம் குறிக்கும் மிதவைகளோடு, ஆபத்தின் எந்தத் திசையில் பாதுகாப்பான நீர் இருக்கிறது என்று காட்டும் மஞ்சள், கறுப்புத் திசைமிதவைகளும் கழிமுகத்தில் வரத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு கூம்புகளும் மேல்நோக்கி இருந்தால் அதன் வடக்கே செல்லவேண்டும்.

விஎச்எஃப் வானொலி கட்டாயம் வேண்டும். அதை இயக்கும் உரிமமும் வேண்டும். 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அவசர அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. 70ஆம் அலைவரிசை எண்முறை அழைப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, அதில் பேசக்கூடாது. உங்கள் படகை வானொலியில் அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணைக் கருவியில் பதிந்து, ஜிபிஎஸ் இணைப்பு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அவசரப் பொத்தானை அழுத்தும்போது உங்கள் இருப்பிடம் தானாகப் போய்ச்சேர அதுவே வழி. ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அங்கே கட்டாயமான ஏடிஐஎஸ் அடையாளச் சமிக்ஞையைக் கடலுக்குள் நுழையும்போது நிறுத்திவிடவேண்டும்.

திசைகாட்டியைச் சோதிக்காமல் கடலுக்குப் போகாதீர்கள். ஆற்றில் அதை யாரும் பார்ப்பதில்லை என்பதால், அதன் அருகே ஒலிபெருக்கியோ கைபேசி தாங்கியோ மாட்டப்பட்டுப் பல பாகைகள் பிசகியிருக்கக்கூடும். நேர்க்கோட்டில் அமைந்த இரண்டு அடையாளங்களை நோக்கிப் படகை நிறுத்தி, வரைபடம் காட்டும் திசையோடு ஒப்பிட்டாலே பிழை தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஓதக் கணக்கு

ஓத அட்டவணை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்கவைக்கிறது: அது எந்த நேர மண்டலத்தில் அச்சிடப்பட்டுள்ளது? கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் ஒரு மணி நேரம் கூட்டவேண்டியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரப் பிழை முழுத் திட்டத்தையும் கெடுத்துவிடும். அடுத்து, அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி வரும் பேரோதத்தில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அரைநிலா நாட்களை ஒட்டிய சிற்றோதத்தில் எல்லாம் தணிந்திருக்கும். முதல் பயணத்துக்குச் சிற்றோத நாட்களையே தேர்ந்தெடுங்கள். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஓத ஏற்ற இறக்கம் அரை மீட்டரைத் தாண்டுவதில்லை. பிரிட்டனின் செவர்ன் கழிமுகத்திலோ பேரோதத்தில் அது 14 மீட்டர் அளவுக்குப் போகிறது. உங்கள் கழிமுகம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவிடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

நீர்மட்டம் சீராக இறங்குவதில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேர இறக்கத்தில், மொத்த இறக்கத்தின் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்குகள் என்ற வரிசையில் ஒவ்வொரு மணி நேரமும் நீர் இறங்கும் என்பது கையடக்கக் கணக்கு. ஓட்டமும் அதே வரிசையில்தான் வலுக்கும். மூன்றாம், நான்காம் மணி நேரங்கள் மிக வேகமானவை.

ஒரு கற்பனைக் கழிமுகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாக்கிலிருந்து முகத்துவார மணல்திட்டு வரை 18 கடல்மைல். படகின் வேகம் நீரில் 7 நாட் (மணிக்கு 7 கடல்மைல்), நீரில் அமிழும் ஆழம் 1 மீட்டர். மணல்திட்டு அடிப்படை மட்டத்துக்கு மேல் 0.4 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அங்கே நீர் 10:40க்கு 4.8 மீட்டர் உச்சத்தை எட்டி, பிறகு 0.6 மீட்டருக்கு வற்றும். உள்ளே தள்ளியிருக்கும் லாக்கில் உச்சம் ஒரு மணி நேரம் தாமதமாக, 11:40க்கு வரும். லாக் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை, அதாவது 9:40 முதல் 12:40 வரை இயங்கும்.

லாக் திறந்ததும் 9:50க்குப் புறப்படுகிறீர்கள். முதல் ஒரு மணி நேரம் ஏறும் நீர் 1.5 நாட் எதிர்ப்பதால் 5.5 மைல்தான் போகமுடியும். அடுத்த அரை மணி நேரம் நீர் நின்றிருக்கும், அதில் 3.5 மைல். மீதமுள்ள 9 மைலை 2 நாட் வற்று ஓட்டத்தின் உதவியோடு ஒரு மணி நேரத்தில் கடந்து 12:20க்கு மணல்திட்டை அடைவீர்கள். அப்போது அங்கே உச்சம் கடந்து ஒரு மணி 40 நிமிடம் ஆகியிருக்கும். நீர் ஏறக்குறைய 0.8 மீட்டர் இறங்கியிருக்கும், திட்டின்மேல் 3.6 மீட்டர் நீர் நிற்கும். ஆழத்தை மட்டும் பார்த்தால் கவலையே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் வற்றும் நீர் வெளியே பாய்ந்துகொண்டிருக்க, கடலிலிருந்து கரை நோக்கி 4 அளவுக் காற்று வீசினால், இரண்டும் எதிரெதிராக மோதி அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். திட்டின்மேல் அவை உடையவும் செய்யும். மாறாக, ஓட்டத்தின் உதவியை முழுமையாகப் பெறலாமென்று லாக்கில் 12:30 வரை காத்திருந்தால், 14:30க்குத் திட்டை அடையும்போது அங்கே ஏறக்குறைய 1.4 மீட்டர் நீர்தான் மிஞ்சும். சிறிய அலைப்பள்ளமே படகைத் தரையில் இறக்கிவிடும்.

ஆக, இந்தக் கழிமுகத்தில் லாக்கின் நேரமும் திட்டின் நேரமும் ஒரே நாளில் பொருந்தவில்லை. இதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். தீர்வு, பயணத்தை இரண்டாக வெட்டுவது. திட்டுக்கு 3 மைல் உள்ளே காற்று மறைவான நங்கூரத்துறை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். முதல் நாள் நண்பகல் 12:00 மணியளவில் அங்கே நங்கூரமிடலாம். அந்த இடத்தின் வரைபட ஆழம் 2.5 மீட்டரானால் மிகக் குறைந்த நீரில் 3.1 மீட்டரும் உச்சத்தில் 7.3 மீட்டரும் இருக்கும், முன்தளத்தின் 1.2 மீட்டரையும் கூட்டினால் 34 மீட்டர் சங்கிலி விடவேண்டும். மறுநாள் திட்டில் உச்சம் ஏறக்குறைய 11:30க்கு. 10:20க்கு நங்கூரம் எடுத்தால், தணிந்துவரும் ஏற்றத்துக்கு எதிராக 11:00 மணிக்குள், அமைதியான நிலையில், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் நீரில் திட்டைக் கடந்துவிடலாம். தரை தட்டினாலும் ஏறும் நீர் தூக்கிவிடும்.

இன்னொன்றையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்கவேண்டும். உச்ச நீரில் வெளியேறியவருக்கு, அடுத்த பல மணி நேரத்துக்கு அந்த வாசல் திறந்திருக்காது. வெளியே போனபின் கடல் பிடிக்கவில்லையென்று திரும்பினால் வற்றும் நீரில் உடையும் அலைகளையே சந்திக்கவேண்டிவரும். ஆகையால் எந்த நீர்மட்டத்திலும் நுழையக்கூடிய ஒரு மாற்றுத் துறைமுகத்தையாவது திட்டத்தில் எழுதியிருக்கவேண்டும். அப்படி ஒன்று எட்டும் தொலைவில் இல்லையென்றால், முன்னறிவிப்பில் சிறிய ஐயம் இருந்தாலும் புறப்படக்கூடாது.

நான்காம் படி: எரிபொருளும் வானிலையும்

ஆற்றில் மைல் கணக்கில் எரிபொருளை மதிப்பிடலாம். கடலில் இயந்திர மணிக்கணக்கில்தான் மதிப்பிடவேண்டும், ஏனெனில் 7 நாட் படகு 2 நாட் எதிரோட்டத்தில் தரைமீது 5 நாட்தான் போகும், செலவோ குறையாது. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய விதியைப் பின்பற்றுங்கள். தொட்டியின் அடியில் குழாய்க்கு எட்டாமல் கிடக்கும் டீசலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வானிலைக்கு நிலப்பகுதி முன்னறிவிப்பு போதாது. கடலோரப் பகுதிக்கான அறிவிப்பையே படியுங்கள். மரங்களும் கட்டடங்களும் தடுக்காததால் நீரின்மேல் காற்று வலுவாக இருக்கும். முதல் பயணத்துக்கு 3 வரையிலான காற்று, அதாவது 10 நாட் வரை, என் பரிந்துரை. 4ஆக இருந்தால் அது கரையிலிருந்து கடலை நோக்கியோ கரைக்கு இணையாகவோ வீசவேண்டும். காற்றில்லாத நாளிலும் தொலைதூரப் புயல் அனுப்பிய நீண்ட அலை மணல்திட்டில் உடையக்கூடும் என்பதால் அலையின் உயரத்தையும் தனியாகப் பாருங்கள். மூடுபனி எதிர்பார்க்கப்பட்டால் போகவேண்டாம். எந்த எண்ணைத் தாண்டினால் பயணத்தை ஒத்திவைப்பீர்கள் என்பதை முந்தைய வாரமே எழுதிவையுங்கள். விடுப்பு எடுத்து, ஆட்கள் வந்துசேர்ந்த காலையில் அந்த எண்ணை நேர்மையாக முடிவுசெய்வது மிகவும் கடினம்.

ஐந்தாம் படி: வழியை எழுதுதல்

ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மிதவையின் பெயர், நிறம், விளக்கின் இயல்பு, அடுத்ததற்கான திசை, தூரம், அங்கே போய்ச்சேர வேண்டிய நேரம், அப்போது இருக்கவேண்டிய ஆழம் ஆகியவை போதும். மின்னணுக் கருவியில் வழியைப் பதிந்தபின், ஒவ்வொரு கோட்டையும் நுணுக்கமான அளவில் பெரிதாக்கி மணல்திட்டின்மேலோ பாறையின்மேலோ போகவில்லையென்று பாருங்கள். சிறிய அளவில் காட்டும்போது சில ஆபத்துகள் திரையிலிருந்து மறைந்துவிடும். கழிமுகத்து மிதவைகள் மணலோடு சேர்ந்து இடம் மாற்றப்படுவதால், துறைமுக நிர்வாகத்தின் அண்மை அறிவிப்புகளையும் படித்துத் தாளைத் திருத்துங்கள்.

திரும்பும் புள்ளி ஒன்றையும் குறியுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது நங்கூரத்துறைதான்: 10:20க்குள் புறப்பட முடியாவிட்டால், அல்லது திட்டின்மேல் வெள்ளை நுரை தொடர்ச்சியாகத் தெரிந்தால், அன்று போவதில்லை. கரையில் இருக்கும் ஒருவரிடம் இந்தத் தாளின் நகலையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவல் படையை அழைக்கவேண்டும் என்பதையும் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: செல்லும்போது

லாக்கைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே எல்லோரும் 150 நியூட்டன் மிதப்புவிசை கொண்ட உயிர்காப்பு மேலாடையைத் தொடைப்பட்டையோடு அணிந்திருக்கவேண்டும். அவசர அழைப்பை எப்படி அனுப்புவது என்பதை உங்களைத் தவிர இன்னொருவராவது செய்துகாட்டவேண்டும். குமட்டல் மாத்திரை தேவைப்படுபவர்கள் நீர் அமைதியாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளட்டும்.

1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் 9ஆம் விதி உங்களுக்கு மிக நெருக்கமானது: குறுகிய வழியில் இயன்றவரை வலப்பக்க ஓரத்தை ஒட்டிச் செல்லவேண்டும், 20 மீட்டருக்குக் குறைந்த படகு, அந்த வழியை விட்டு விலகமுடியாத கப்பலின் பாதையை மறிக்கக்கூடாது. ஆழம் இருந்தால் மிதவை வரிசைக்குச் சற்று வெளியே செல்வது இன்னும் நல்லது. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் ஓரத்தை அதிகம் நெருங்காதீர்கள். அப்போது தரை தட்டினால் அடுத்த ஏற்றம் வரை, சாய்ந்த படகில், பல மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

ஒவ்வொரு மிதவையைக் கடக்கும்போதும் அதன் பெயரைக் கண்ணால் படித்து, நேரத்தையும் ஆழமானி காட்டும் எண்ணையும் தாளில் எழுதுங்கள். ஆழம் கணக்கைவிட அரை மீட்டர் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக் காரணத்தைத் தேடுங்கள்: கணக்கு தவறியிருக்கலாம், மணல் நகர்ந்திருக்கலாம், அல்லது நீங்கள் நினைக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. திட்டின்மேல் அலைகளை முன்முகத்தால் சந்திக்கும்படி, சுக்கான் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்துச் செல்லுங்கள். நடுவில் திரும்ப முயலாதீர்கள். அலைக்குப் பக்கவாட்டில் கிடக்கும் அந்தச் சில நொடிகளே மிக ஆபத்தானவை.

திட்டைக் கடந்து நீர் ஆழமானதும் இயந்திர அறையைத் திறந்து பாருங்கள். தளநீர், குளிர்நீர், எண்ணெய் அழுத்தம், வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் நீரோ கசடோ சேர்ந்திருக்கிறதா என்பன முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். சேரும் துறைமுகத்தை வெளிச்சம் இருக்கும்போதே, அவர்களுடைய அலைவரிசையில் அழைத்து அனுமதி பெற்றபின் நெருங்குங்கள். கட்டியபின், கரையில் காத்திருப்பவருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். பிறகு குளிர்நீர்ச் சுற்றை நன்னீரால் கழுவி, வடிகட்டியை மாற்றி, திரும்பும் நாளுக்கான ஓத அட்டவணையை எடுங்கள்.